திங்களில் தொடங்காத வாரம்: வடசென்னை அன்றாடத்தை ஒட்டி வைப்பது

'ஜர்னல்' என்ற பெயரில் இப்போது அழகழகான நோட்டுகள் விற்கின்றன. கெட்டி அட்டை, ரப்பர் பட்டை, புள்ளி போட்ட தாள், கூடவே பூப்போட்ட டேப்பும் ஸ்டிக்கர்களும். வாரத்துக்கு இரண்டு பக்கம். திங்கள் முதல் வெள்ளி வரை பெரிய கட்டங்கள், சனிக்கும் ஞாயிறுக்கும் சேர்த்து ஒரு சின்னக் கட்டம். சினிமா டிக்கெட், காபிக் கடை ரசீது, காய்ந்த இலை, சின்னப் புகைப்படம் என்று ஒட்டி, பக்கத்தில் இரண்டு வரி எழுதி, 'என் அன்றாடம்' என்று தலைப்பிட்டு வைக்கிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் அதே நோட்டை எடுத்துக்கொண்டு ராயபுரத்துக்கு வடக்கே போனால் கட்டங்கள் ஒத்துவராது.

காசிமேட்டில் விசைப்படகில் போகிறவருக்கு வாரம் என்பது படகு கிளம்பிய நாளில் தொடங்கி, கரை திரும்பி மீன் ஏலம் போன நாளில் முடிகிறது. அதற்கு ஐந்து நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஓய்வு நாள் இல்லை, கூட்டம் நெரிகிற நாள். திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் ஷிப்டுக்குப் போகிறவருக்குக் காலை, மதியம், இரவு என்று மூன்று வாரம் சுற்றி வந்தால்தான் ஒரு வட்டம் முடியும். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நிற்கும் டிரெய்லர் ஓட்டுநருக்கு நாள் என்பதே வரிசை நகர்வதைப் பொறுத்தது. வண்டியின் நிழலில் அடுப்பு மூட்டுவதும் அதற்குள் அடங்கும். ஆண்டின் கணக்கும் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்தில் விசைப்படகுக்காரரின் அன்றாடம் வலை பின்னுவதும் படகு பழுது பார்ப்பதும் கடன் வாங்குவதுமாக அடியோடு மாறிப்போகும்.

ஆகவே, அன்றாடத்தைப் பக்கமாக்குவதில் முதல் வேலை கட்டம் போடுவது. ஒட்டுவதெல்லாம் பிறகு. அந்தக் கட்டத்தைக் கடையில் விற்கும் நோட்டு போடக்கூடாது, அந்த ஊரின் வேலைதான் போட வேண்டும் என்பது என் வாதம். வடசென்னையை வைத்து இதைச் சொல்லக் காரணம் உண்டு. இந்த நகரத்தில் அன்றாடம் அதிகம் பதிவாகாத பகுதி அது. பதிவானால் அதிகம் பயன்படக்கூடிய பகுதியும் அதுதான்.

ஒட்டி வைக்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. மார்க் ட்வைன் 1873-ல், முன்கூட்டியே பசை தடவிய தாள்கள் கொண்ட ஒட்டுப் புத்தகத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். அதே வேலையை நம் வீடுகள் காப்புரிமை எதுவும் இல்லாமலே செய்தன. வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு போட்டு வைத்ததை எத்தனை வீட்டுப் பரண்கள் சுமந்தன! பிள்ளைகள் தீப்பெட்டிப் படம் சேர்த்தார்கள். ரயில் நிலையத்துக்கும், 2021 பிப்ரவரியில் அங்கே வந்த மெட்ரோ நிலையத்துக்கும் விம்கோ நகர் என்று பெயர் தந்தது திருவொற்றியூரில் இருந்த தீப்பெட்டி ஆலைதான். அதன் கப்பல் மார்க் படம் தமிழ்நாட்டின் எத்தனையோ பள்ளி நோட்டுகளில் ஒட்டப்பட்டிருக்கும்.

இந்தப் பழக்கத்தை ஒரு வாழ்நாள் வேலையாகவே செய்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, துண்டறிக்கை, பத்திரிகை நறுக்கு என்று மற்றவர்கள் குப்பைக்கு அனுப்பியதையும் சேர்த்து வைத்தார். அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. தமிழ்ச் சமூக வரலாறு எழுதுகிறவர்கள் இன்று அங்கே போய்த்தான் ஆக வேண்டும். ஒரு கல்யாணப் பத்திரிகைக்குத் தனியாக மதிப்பில்லை. நூறு ஆண்டுப் பத்திரிகைகளை வரிசையாக வைத்தால் சாதிப் பெயர் எப்போது உதிர்ந்தது, பெண்ணின் படிப்பு எப்போது ஏறியது என்றெல்லாம் தெரியத் தொடங்கும்.

ஒட்டுப் புத்தகத்தின் அடிப்படைச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அது விசேஷங்களுக்காகப் பிறந்தது. சுற்றுலா, பிறந்த நாள், பரிசளிப்பு விழா என்று ஒருமுறை நடப்பதை ஒட்டுவது எளிது. அன்றாடமோ திரும்பத் திரும்ப வருவது. ஒரு நாளின் டீக்கடை ரசீதை ஒட்டினால் அது அலங்காரமாகிவிடும். முப்பது நாளின் ரசீதை ஒட்டினால் பார்ப்பவருக்குச் சலிக்கும். பெரும்பாலானவர்கள் 'மாதிரிக்கு ஒரு நாள்' என்று எடுத்து அழகாக்குவார்கள். அந்த ஒரு நாள் எப்போதும் நல்ல நாளாகவே இருக்கும்.

இங்கிலாந்தில் 1937-ல் டாம் ஹாரிசன், சார்லஸ் மேட்ஜ், ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் மூவரும் தொடங்கிய 'மாஸ் அப்சர்வேஷன்' இயக்கம் இதற்கு ஒரு வழி கண்டது. தன்னார்வலர்கள் ஒவ்வொரு மாதமும் 12-ம் தேதி எழுந்ததிலிருந்து படுக்கும் வரை செய்ததை எழுதி அனுப்ப வேண்டும். நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எழுதுகிறவருக்கு இல்லை. அந்த 12-ம் தேதி மழையோ, காய்ச்சலோ, சண்டையோ, எதுவாயிருந்தாலும் அதுதான் அந்த மாதத்தின் நாள். அந்தப் பதிவுகள் இன்று சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. தேதியை முன்கூட்டியே பூட்டிவிடுவது என்ற அந்தச் சின்ன விதி, பக்க வடிவமைப்புப் புத்தகங்கள் பலவற்றைவிட எனக்குப் பயனுள்ளதாகப் படுகிறது.

அதைவிடப் பழகிய வழி நம் சமையலறைச் சுவரிலேயே தொங்குகிறது. மாதக் காலண்டரில் பால் வாங்கிய நாளுக்கு ஒரு கோடு, வாங்காத நாளுக்குச் சுழி. சிலிண்டர் போட்ட தேதியைச் சுற்றி வட்டம். சீட்டுப் பணம் கட்டிய நாளில் 'சீ'. ஊருக்குப் போன நான்கு நாள் கட்டங்கள் வெறுமையாக இருக்கும். மாதம் முழுவதும் ஒரே தாளில், ஒரே அளவுக் கட்டத்தில் இருப்பதால் எது வழக்கம், எது மாறியது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். டிசம்பர் முடிந்ததும் அதைச் சுருட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதுதான் வருத்தம். அரசாங்கமும் ஒரு காலத்தில் இப்படி ஒன்றைச் செய்தது. 2005-ல் கொடுத்த ரேஷன் கார்டு 2009-ல் முடிந்த பிறகும் புது கார்டு வரவில்லை. ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டி ஓட்டினார்கள். அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் என்று மாதவாரியாகப் பதிந்த அந்தத் தாள்கள் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சாப்பாட்டுக் கணக்கு. 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்ததும் அந்தத் தடிமனான கார்டுகள் வீடுகளிலிருந்து மறையத் தொடங்கின. எங்கேயாவது டிரங்குப் பெட்டியில் ஒன்று கிடந்தால் தூக்கி எறியாதீர்கள் என்பேன்.

இனி வடசென்னைப் பக்கம் ஒன்றைக் கட்டிப் பார்ப்போம். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்கும் ஒரு பெண்ணின் நாள். பெரிய தாள் ஒன்று. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக நேரம். விடியும் முன்பே ஏலம் தொடங்கிவிடும். அதனால் கோடு இரவு இரண்டு மணிக்குத் தொடங்க வேண்டும். கடையில் வாங்கிய நோட்டில் ஆறு மணிக்கு முன்னால் கட்டமே இருக்காது. ஏலம் வாய்ப்பேச்சில் நடப்பது, ஒட்டுவதற்குச் சீட்டு கிடைக்காது. எனவே விலையை எழுதத்தான் வேண்டும்: என்ன மீன், கூடை எவ்வளவுக்குப் போனது, தான் எவ்வளவுக்கு எடுத்தது. ஐஸுக்குக் கொடுத்த காசு. ஷேர் ஆட்டோவுக்கும் சீட்டு இல்லை. பேருந்தில் போனால் ஒரு சீட்டு உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் என்றாலும் நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். ரூபாய் போடாத அந்தச் சீட்டுதான் பல பெண்களின் நாளிலிருந்து அன்றன்று கிடைக்கும் ஒரே அச்சுக் காகிதம். வாரத்துக்கு ஒருமுறை கைக்கு வருவது இன்னொன்று: குழுவாக வாங்கிய கடனின் வாரத் தவணை அட்டை.

பக்கம் முடிந்ததும் ஒரு விஷயம் கண்ணில் படும். அதே வீட்டில் ஆலைக்குப் போகும் ஆணின் நாள் காகிதத்தால் நிரம்பியிருக்கும். கேட் பாஸ், ஷிப்டு அட்டவணை, கேன்டீன் டோக்கன், சம்பளச் சீட்டு. லாரி ஓட்டுநருக்கு எடைமேடைச் சீட்டும் டீசல் ரசீதும் உண்டு. பெண்ணின் பக்கம் வெள்ளையாகக் கிடக்கும். ஒட்டுவதற்குக் கிடைத்ததை மட்டும் ஒட்டினால், அதிக நேரம் உழைத்தவரின் நாள்தான் சும்மா இருந்த நாளாகத் தெரியும். மீன் கழுவியது, தண்ணீர் பிடித்தது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது, கடன் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தது, இவை எதற்கும் ரசீது கிடையாது. அதனால் காகிதம் இல்லாத மணிகளுக்கு முதலிலேயே இடம் ஒதுக்கி, அங்கே எழுதவோ வரையவோ வேண்டும். குழாயடியில் வரிசையாக வைத்த குடங்களை வரைந்து எது நம்முடையது என்று குறித்தாலே போதும். 2010-ல் காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. அதன் தண்ணீர் வடசென்னைக்கும் வருகிறது. ஆனாலும் தெருவுக்குத் தெரு தண்ணீர் வரும் நேரம் அன்றாடத்தின் முள்ளாகவே இருக்கிறது. அந்த நேரம் எந்த அலுவலகக் கோப்பில் எப்படிப் பதிவானாலும், வீட்டுப் பக்கத்தில் பதிவாவது வேறு தரவு.

கடல் பக்கத்துக்கு வழி காட்ட ஓர் ஆள் இருக்கிறார். பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் குப்பத்து மீனவர் எஸ். பாளையம், சூழலியல் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமனோடு சேர்ந்து, காற்று, நீரோட்டம், அலை, கிடைத்த மீன் எல்லாவற்றையும் நாள்தோறும் குறித்து வைக்கும் வேலையைச் செய்தார். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர்; தெற்கிலிருந்து ஓடினால் ஒரு பெயர், வடக்கிலிருந்து ஓடினால் வேறொரு பெயர் என்று நீரோட்டத்துக்கும் பெயர். வானிலை மையம் திசையையும் வேகத்தையும் எண்ணில் சொல்லும். பாளையத்தின் குறிப்பு அந்தக் காற்றில் எந்த மீன் கரை ஒதுங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லும். இதையே பக்கமாக்கினால் ஒட்டும் பொருளுக்கே அவசியம் இல்லை. ஒரு வட்டம், அதில் காற்று வந்த பக்கத்துக்கு ஓர் அம்பு, கீழே மீனின் பெயர். அம்பத்திரண்டு வாரத்துக்கு அம்பத்திரண்டு வட்டம் ஒரே தாளில் வந்தால் அது ஓர் ஆண்டின் கடல்.

இந்த வகை நாட்குறிப்புக்குத் தமிழில் பெரிய முன்னோடி உண்டு. பெரம்பூரில் 1709-ல் பிறந்து புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதியதில் அரசியலும் போரும் பெரிய இடத்தைப் பிடிக்கின்றன. ஆனால் கப்பல் வந்தது, பீரங்கி மரியாதை இத்தனை முறை, சரக்கின் விலை, தெருவில் பேசிக்கொண்டது என்ற சில்லறை விவரங்களால்தான் அது உயிரோடு இருக்கிறது. துறைமுக ஊரில் வாழ்கிறவனுக்குக் கப்பல் கணக்கு இயல்பாக வந்திருக்கிறது. ராயபுரத்துப் பிள்ளைகள் மொட்டை மாடியிலிருந்து வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களை எண்ணினால் அதுவும் அதே வரிசையில் ஒன்று.

இனி தூசிக்கு வருவோம். வடசென்னை அன்றாடத்தின் பொருள் எச்சம் காகிதத்தில் மட்டும் இல்லை, தூசியிலும் இருக்கிறது. ராயபுரத்து மக்கள் நிலக்கரித் தூளோடு பல ஆண்டு போராடினார்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. சரக்கு எண்ணூருக்குப் போனது. ராயபுரத்துக்கு மூச்சு வந்தது, எண்ணூருக்குச் சுமை ஏறியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டாலும் அத்திப்பட்டிலுள்ள வடசென்னை அனல்மின் நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை ஒரு பக்கமாக்க மிக எளிய வழி: நிறமில்லாத ஒட்டும் டேப்பில் ஒரு விரல் நீளம் கிழித்து, தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஜன்னல் திண்டில் அழுத்தி எடுத்து, வெள்ளைத் தாளில் தேதி போட்டு வரிசையாக ஒட்டுவது. எடுத்ததும் திண்டைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நேற்றைய தூசியும் சேரும். ஒரு மாதம் கழித்துத் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறம் எந்த நாளில் கறுத்தது, எந்த நாளில் வெளுத்தது என்று தெரியும். மேலே அன்றைய காற்றுக்கு ஓர் அம்பு போட்டுவிட்டால் தூசி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற ஊகமும் கிடைக்கும். இது ஆய்வகக் கருவிக்கு ஈடாகாது, எடை சொல்லாது. ஆனால் கருவி வைக்கச் சொல்லிக் கேட்பதற்கு ஒரு காரணம் சொல்லும்.

கடலூர் சிப்காட் பகுதிக் கிராமத்தவர்கள் 2004 வாக்கில் இப்படித்தான் தொடங்கினார்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன மாதிரி நாற்றம் என்று குறித்தார்கள். பிறகு பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திய எளிய கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மூக்கில் பட்டது முதலில் நோட்டில் ஏறியது, பிறகுதான் எண்ணாக மாறியது.

அன்றாடப் பக்கம் பொழுதுபோக்கைத் தாண்டும் இடம் இது. எண்ணூருக்கு அருகே 2017 ஜனவரி 28-ல் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26-ம் தேதி இரவு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் நடு இரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். ஒவ்வொரு முறையும் இழப்பீட்டுப் பேச்சு வரும்போது முதல் கேள்வி ஒன்றுதான்: வழக்கமாக எவ்வளவு கிடைக்கும்? இழப்பு என்பது வழக்கத்துக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம். வழக்கம் எங்கும் எழுதப்படவில்லை என்றால் வித்தியாசத்தைக் காட்ட முடியாது. படகு வைத்திருப்பவருக்குப் பதிவுச் சான்று உண்டு. கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்ணிடம் என்ன இருக்கிறது? விபத்து நாளைப் பத்திரிகையும் தொலைக்காட்சியும் படம் எடுத்துவிடும். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமையை யாரும் எடுப்பதில்லை.

வடசென்னையின் பொது உருவத்திலும் இதே குறைதான். சினிமாவில் அரிவாள், செய்தியில் கசிவு, ஆவணப்படத்தில் சாம்பல் மேடு. புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமார் இதற்கு எதிர்த்திசையில் ஒன்று செய்தார். மீன் விற்ற தாயின் மகன் அவர். தூய்மைப் பணியாளர்களைப் படம் எடுத்துப் பெயர் பெற்றவர். வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் எடுத்த படங்கள் 'ரீஃப்ரேம்ட்' என்ற கண்காட்சியாக வந்தன. உள்ளே இருப்பவர் எடுக்கும் படத்தில் சட்டகம் மாறுகிறது. வெளியாள் புகைக்கூண்டை எடுப்பார், உள்ளாள் அந்தப் புகைக்கூண்டுக்கு முன்னால் காயும் துணியை எடுப்பார். கேமராவோடு நிறுத்தாமல் அந்தப் படங்களுக்குத் தேதி, நேரம், அன்றைய விலை, அன்றைய காற்று ஆகியவற்றையும் சேர்த்துப் பக்கமாக்கினால் கண்காட்சி முடிந்த பிறகும் அவை வேலை செய்யும். அரசுப் பள்ளிகளில் 'புராஜெக்ட்' என்ற பெயரில் தலைவர்களின் படம் வெட்டி ஒட்டச் சொல்வதற்குப் பதில் இதைச் செய்யச் சொல்லலாம். ஸ்டேஷனரிக் கடைக்காரர்கள் என்னைக் கோபித்துக்கொள்வார்கள்.

கடற்கரை ஊரில் பக்கம் நிலைப்பது தனிப் பிரச்சினை. இன்றைய பேருந்துச் சீட்டும் கடை ரசீதும் வெப்பத்தாளில் அச்சாகின்றன. தாளின் மேல்பூச்சில் உள்ள சாயம் சூட்டில் கறுத்து எழுத்தாகிறது. அதே சூடும் வெளிச்சமும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டால் எழுத்து மங்கிப்போகும். பிளாஸ்டிக் உறையில் போட்டாலும் செல்லோ டேப் ஒட்டினாலும் இன்னும் சீக்கிரம் போகும். எனவே அன்றே நகல் எடுப்பது அல்லது சீட்டிலுள்ள எண்களைப் பக்கத்திலேயே பேனாவால் எழுதுவது நல்லது. ஒட்டுவதற்குப் பைண்டிங் கடைக்காரர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். கரப்பானும் பூச்சியும் அண்டாது, ஆனால் அதிலுள்ள செம்பு நாளடைவில் தாளைப் பழுப்பாக்கி நொறுக்கும். வெள்ளைப் பசை தடவினால் தாள் சுருளும், பிறகு பிரிக்கவும் முடியாது. எனக்குப் பிடித்த வழி, சீட்டின் மேல் விளிம்பில் மட்டும் ஒரு கோடு பசை. சீட்டு பக்கத்தில் தொங்கும், பின்பக்கத்தையும் படிக்கலாம். உப்புக்காற்று ஈரம் ஏறும் வீட்டில் இரும்பு பின் கூடவே கூடாது. ஒரு மழைக்காலத்துக்குள் துரு பூத்துப் பக்கத்தின் மறுபுறம் வரை இறங்கிவிடும்.

கடைசியாக, யார் பார்க்கலாம் என்ற கேள்வி. கடன் அட்டையில் குழுவிலுள்ள மற்ற பெண்களின் பெயர்கள் இருக்கும். கேட் பாஸில் நிறுவனத்தின் பெயர், அடையாள எண். ஒப்பந்தத் தொழிலாளி தன் ஷிப்டு நேரத்தையும் ஆலையின் நாற்றத்தையும் ஒரே பக்கத்தில் ஒட்டிக் கண்காட்சியில் வைத்தால் அடுத்த மாதம் அவருக்கு வேலை இருக்குமா என்பதை வடிவமைக்கும்போதே யோசிக்க வேண்டும். இதற்காக ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு அடுக்காகச் செய்யலாம். பெயரும் எண்ணும் உள்ள காகிதங்கள் பக்கத்தோடு தைத்த உறைக்குள் போகும், அது வீட்டிலேயே இருக்கும். நேரம், விலை, காற்று, தூசி, குடம் ஆகியவை திறந்த முகத்தில் இருக்கும், அதை மட்டும் நகல் எடுத்துப் பொதுவில் சேர்க்கலாம். அப்படிச் சேர்ந்தவற்றை வாங்கி வரிசைப்படுத்தி வைக்க அந்தந்தப் பகுதியின் கிளை நூலகத்தில் ஓர் அலமாரித் தட்டு போதும்.